மேசைக்கடியில் காய்ந்த இடம்

வீட்டில் எதுவும் காயவில்லை. மழை பிடித்து ஒரு வாரமாகிறது. கொடியில் போட்ட துணி கொடியிலேயே நாறுகிறது, தீப்பெட்டி நமத்துக் குச்சியைக் கிழித்தால் மருந்துதான் உதிர்கிறது, உப்பு ஜாடிக்குள் நீர் கோத்து நிற்கிறது. ஆனால் வெட்டுமேசைக்கு அடியில், சுவர் மூலையில், பூனை அப்போதுதான் மூத்திரத்துக்குக் குந்திவிட்டு எழுந்துபோன இடம் மட்டும் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. கந்தைத் துணியோடு குனிந்த தையல்காரிக்குத் துடைக்க ஒன்றுமில்லை. நாற்றம் மட்டும் இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாற்றத்தை எதை வைத்துத் துடைப்பது?

பூனை கணவனுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனோடு இருந்தது. அந்த உரிமையில் வீட்டில் மாமனார் மாதிரி நடந்துகொள்ளும். அவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில். கிளம்பும்போது "பெரியவரப் பாத்துக்க" என்று பூனையைச் சொல்வானே தவிர, மகளைப் பார்த்துக்கொள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சில மாதங்களாகப் பெரியவருக்கு அடங்காத தாகம். கிண்ணத்தில் ஊற்றினால் தலை நிமிராமல் குடிக்கும். பிறகு பூந்தொட்டித் தட்டு, குளியலறை வாளி, அவள் துணி நனைத்துவைத்த அண்டா. நாக்குச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. குடித்ததும் நேராக மேசைக்கடியில் போய் அந்த ஒரே மூலையில் குந்தும். வந்து மறுபடி குடிக்கும். சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. உடம்பு மட்டும் வற்றிக்கொண்டே போனது.

காலையில்தான் மிருக டாக்டரிடம் தூக்கிப் போயிருந்தாள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"போன தடவை இருந்ததுல பாதிகூட இல்லையேம்மா. சிறுநீரகமா, சர்க்கரையான்னு ரத்தம் பாத்தாதான் தெரியும். என்ன ஆனாலும் தண்ணிய மட்டும் நிறுத்திடாதீங்க. வெளிய போறத ஈடுகட்டத்தான் அது இப்படிக் குடிக்குது."

வீடு திரும்பியதும் கணவனின் போன்.

"பெரியவர் எப்படி இருக்கார்?"

"உங்க பெரியவருக்கு ஒரு ஆத்தையே திருப்பி விடணும். வீடே நாறுது."

"வயசாச்சு, விடு."

"எனக்குந்தான் வயசாகுது. நான் என்ன மூலைமூலையாப் போய்க் குந்துறேனா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைக்கக் கொடுத்த கடைக்காரர் நாளைக்கு வந்து நிற்பார். செவிலியர் சீருடை, எல்லாம் வெள்ளை. புதுப் பருத்தியை நனைத்துச் சுருக்கிய பிறகுதான் அவள் கத்தரி வைப்பாள். சுருங்குகிறது முதலிலேயே சுருங்கித் தொலையட்டும் என்பது அவள் தொழில் பழக்கம். இந்த மழையில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தியே உலர்த்தியிருந்தாள். தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது.

மதியம் வெட்டிவைத்த முதுகுத்துண்டு ஒன்று மேசையிலிருந்து நழுவி மூலையில் விழுந்தது. அவள் எட்டி எடுப்பதற்குள் பூனை அதன்மேல் குந்திவிட்டது.

"அட நாசமாப்போற சனியனே!"

விரட்டிவிட்டுத் துணியை இழுத்தாள். கறை இல்லை, ஈரம் இல்லை. விறைத்து அப்பளமாகக் காய்ந்திருந்தது. அளவு அட்டையின்மேல் வைத்துப் பார்த்தாள். அட்டை நான்கு பக்கமும் வெளியே தெரிந்தது. ஒரு பெரிய மனுஷியின் முதுகு, பள்ளிக்கூடப் பிள்ளையின் முதுகாகியிருந்தது.

நனைத்த துணி. இனிச் சுருங்கவே சுருங்காத துணி.

துணி விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினாள். மழையைத் திட்டினாள். யார்மேலாவது காட்டியாக வேண்டும். பூனைதான் இருந்தது.

கிண்ணத்தைக் கவிழ்த்தாள். தொட்டித் தட்டைக் கொட்டினாள். குளியலறையைத் தாழிட்டாள். பூனையின் பிடரியைப் பிடித்துச் சாமான் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். "குடிச்சாத்தானே வரும்? எப்படி வருதுன்னு பாக்கறேன்." டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு நாள்தானே?

அந்த மூலைக்கும் ஒரு வழி செய்தாள். வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்துக் கை நிறைய அள்ளி இறுக அடைத்தாள். அது போதாமல், மகளுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனை எடுத்து மேலே வைத்துக் காலால் அழுத்தினாள்.

சாமான் அறையில் பூனை கத்தியது. மழைச் சத்தத்துக்குமேல், தையல் எந்திரத்தின் சத்தத்துக்குமேல் கத்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். வெள்ளைத் துணி ஓடியது. கத்தல் விக்கலாகி, விக்கல் முனகலாகி, நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டம்ளரின் அடியில் மிச்சத்தை உறிஞ்சுகிற சத்தம். மேசைக்கடியிலிருந்து வந்தது.

மிதிப்பதை நிறுத்தினாள். சத்தமும் நின்றது.

"அம்மா, தண்ணி."

சிட்டு வாசலில் நின்றாள். முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தவள். தையல்காரி அவளைப் பார்க்காமலே குடத்தைக் காட்டினாள். மொண்டு குடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி மொண்டாள். மறுபடியும்.

"போதும்டி, வயிறு வலிக்கும்."

"தாகமா இருக்கும்மா."

திரும்பிப் பார்த்தாள். மகள் போட்டிருந்த நீலச் சட்டை போன வாரம்தான் தைத்தது. அளவெடுத்துத் தைத்தது. மணிக்கட்டில் நிற்க வேண்டிய கை, விரல்களை மூடித் தொங்கியது. தையல்காரியின் கண்ணுக்கு நூல் அளவு பிசகினாலும் தெரியும். இது நூல் அளவு இல்லை.

"கைய நீட்டுடி."

நீட்டினாள். விரல் நுனி தெரியவில்லை.

தையல்காரி மேசைக்கடியில் பாய்ந்தாள். மூலையில் அடைத்ததைப் பிடுங்கினாள். வெட்டுத்துணியெல்லாம் மொறுமொறுவென்று கையில் நொறுங்கியது. மஞ்சள் கவுன் கடைசியில் வந்தது. பொம்மைக்குப் போடுகிற அளவில் இருந்தது. பொத்தான் மட்டும் பழைய பொத்தான்.

சாமான் அறையைத் திறந்தாள். செத்திருக்கும் என்று நினைத்தாள். பூனை வெளியே வந்தது. ரோமம் பளபளத்தது, வயிறு உருண்டிருந்தது. அவள் வைத்த தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் பாதத்தை நக்கியது.

"குடி! குடிச்சுத் தொலை! உன் கால்ல விழறேன், குடி!"

குடிக்கவில்லை. தலையைப் பிடித்துக் கிண்ணத்தில் அமுக்கினாள். அது கையைப் பிறாண்டிவிட்டு ஜன்னல் வழியாக மழைக்குள் குதித்துப் போனது.

அவளுக்கு வெறி வந்தது. அண்டாவைத் தண்ணீரோடு தூக்கி வந்து மூலையில் கவிழ்த்தாள். ஒரே இழுப்பு. தரை வெளுத்தது.

"என் பிள்ளையா கேக்குது உனக்கு? நான் இல்ல? என்ன எடு! எடேன்!"

தன் சேலையை அவிழ்த்து அந்த மூலையில் திணித்தாள். கைகளால் அழுத்தினாள், நெற்றியை வைத்து அழுத்தினாள். காத்திருந்தாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். சேலை ஈரமாகவே இருந்தது. இந்த வீட்டில் எல்லாம் ஈரமாக இருந்ததுபோல.

பின்னால் துணி தரையில் உரசும் சத்தம்.

சிட்டு வந்துகொண்டிருந்தாள். பாவாடை நீண்டு இழுபட்டது. நேற்றுவரை இந்த மேசைக்கு அடியில் நுழையக் குனிவாள்; குனிந்தும் தலையை இடித்துக்கொண்டு அழுவாள்.

இப்போது குனியவில்லை. நேராக நடந்து மேசைக்கடியில் வந்தாள். அம்மாவின் சேலையை ஓரமாக ஒதுக்கினாள். அந்த மூலையில் குந்தினாள்.

தரையிலிருந்து உறிஞ்சும் சத்தம் எழுந்தது.

முடிந்ததும் முகத்தை உயர்த்தினாள். முகம் அவள் முகம்தான். கண், மூக்கு, பல் விழுந்த இடைவெளி எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் எல்லாம் சேர்ந்து அம்மாவின் உள்ளங்கைக்குள் அடங்கின.

"அம்மா, இன்னும் தண்ணி."

ஊற்றினால் குடிப்பாள், குடித்ததும் மூலைக்குப் போவாள். ஊற்றாவிட்டால்? தையல்காரி குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள், தன் பலம் அத்தனையும் கொடுத்து. சிட்டுவின் இரண்டு கைகளும் டம்ளரைச் சுற்றி எட்டவில்லை.