புகை விட்ட அறை

கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்ற பெண்ணின் வாயை மூடியிருந்த துணி, மூச்சுக்கு அசையவே இல்லை என்பதைச் சியாமளா மூன்றாவது தட்டை முடிக்கும்போதுதான் கவனித்தாள்.

1976. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். திருப்போரூருக்கு வெளியே, சவுக்குத் தோப்பை ஒட்டிய ஊசிமருந்துக் கம்பெனிக்குச் சேலத்திலிருந்து பயிற்சிக்கு வந்து ஒரு மாதமாகியும், அந்தப் பார்மசி மாணவியிடம் வேலையைத் தாண்டி யாரும் ஒரு சொல் பேசியதில்லை. சனிக்கிழமை கல்லூரிக்குப் போனதில் குறைந்துபோன பயிற்சி நேரத்தை ஈடுகட்ட, கடற்காற்றில் தோப்பு இரைவதைக் கேட்டபடி, இருட்டறையில் ஒற்றை விளக்கின்முன் மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூசு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மருந்து நிரப்பும் பக்கத்து அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெள்ளை அங்கி அணிந்த ஒருத்தி வந்து, கையுறைக் கையை உயர்த்தினாள். இந்த ஊரில் அவளைப் பார்த்துக் கையசைத்த முதல் ஆள். இவளும் அசைத்தாள். அவள் நகரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாட்ச்மேன் இருசப்பன் வாசலில் தலையை நீட்டினார்.

“இன்னா பாப்பா, இன்னுமா குந்திகினு கீற?”

“இன்னும் ரெண்டு தட்டு இருக்குண்ணே. உள்ளே ஃபில்லிங் ரூம்ல யாரு வேலை செய்றாங்க?”

“உள்ளயா? நேத்து சாயங்காலம் கிருமி சாவறதுக்குப் பார்மலின் பொக உட்டு, கதவு சந்தெல்லாம் காயிதம் ஒட்டிட்டாங்களே. நாளிக்கிதான் பிரிப்பாங்க. அதுல ஒரு எலி கூட பொயைக்காது.”

சியாமளா திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் யாரும் இல்லை.

இருசப்பனின் செருப்போசை கேட்டை நோக்கித் தேய்ந்து மறைந்தது. அவளும் எழுந்தாள். பயிற்சி நோட்டு மூலையில், மருந்து நிரப்பும் அறையிலிருந்து தட்டுகளை வாங்கும் சுவர்ப்பெட்டியின்மேல் இருந்தது. ஒரு மாதக் கையெழுத்தும் அதில்தான். அது இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

போனாள். பெட்டிக் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதத்தை அப்போதுதான் பார்த்தாள்.

கிழிந்திருந்தது. உள்ளிருந்து.

பார்மலின் நெடி முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. நீர் கொட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு நோட்டைத் தடவினாள். கிடைத்தது. திரும்பினாள். சுவர். மேஜை. தட்டில் கை பட்டு, குப்பிகள் தரையில் சிதறின.

“இருசப்பண்ணே!”

தோப்பு இரைந்தது.

கால் தடுக்கி நாற்காலியில் விழுந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல் சிமெண்டுத் தரையில் மெல்ல உராய்ந்து வந்தது. அருகே. இன்னும் அருகே. நின்றது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

இமையைப் பிரித்தாள். தோளோடு தோள் சேர, ஈரம் சொட்டும் வெள்ளை அங்கிக் கை. மேஜைமேல் கிடந்த சியாமளாவின் விரல்களை, அந்தக் கையுறைக் கை ஒரு தோழியைப் போல் மெதுவாக மூடிக்கொண்டது.