உப்புக்கல்லடியில் பூஜ்யம்

இயற்கையை அடக்க மனிதனுக்கு இரண்டே ஆயுதங்கள் போதும்: அறிவியல், அரசாணை. நார்வே மலைநாட்டுக் கால்நடை மருத்துவ அதிகாரி எய்லெர்ட் ஹோவ்டன் இதை மேடைதோறும் சொல்லுவார். துப்பாக்கியும் தேவைப்பட்டதை மட்டும் சொல்லமாட்டார்.

காட்டுப் பனிமான்களின் மூளையைச் சல்லடையாக்கும் நோய் ஒன்று அவருடைய மலையில் பரவியது. ஆடுகளுக்கென்று மேய்ப்பர்கள் வைத்த உப்புக்கல்லை மான்களும் வந்து நக்கின. எச்சில் மண்ணில் ஊறி, அடுத்த மானுக்குத் தொற்றியது. எனவே மான் மந்தை முழுவதையும் கொன்றார்கள். பனிவண்டியில் துரத்திச் சுட்டார்கள். உயிர் அடங்குமுன்பே தலையை ரம்பத்தால் அறுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பனி சிவப்பாகவே கிடந்தது.

ஏப்ரலில், 'மீதி: பூஜ்யம்' என்று கையெழுத்துப் போட எய்லெர்ட் மலைக்குடிலுக்கு வந்தார். ஒரு மான் மிச்சமிருந்தாலும் வரவிருந்த இயக்குநர் பதவி போய்விடும்.

"எல்லாத்தையும் எண்ணியாச்சா, இங்குன்?"

"தலையை எண்ணியாச்சு டாக்டரே," என்றாள் வேட்டைக்குழுத் தலைவி. "உடம்பை யாரும் எண்ணல. தலைக்குத்தானே படிவம் குடுத்தீங்க!"

கடைசி மண் மாதிரி எடுக்க அவர் தனியாக உப்புக்கல்லுக்கு நடந்தார். நூறு தப்படி தூரம். நடுப்பகல்தான், ஆனாலும் மூடுபனி குடிலை விழுங்கிவிட்டது. நனைந்த மயிரும் பழைய ரத்தமும் கலந்த வாடை வந்தது.

டிக்.

பனிமான் நடந்தால் கால் தசைநாண் இப்படித்தான் சொடுக்கும்.

டிக். டிக்.

பின்னாலேயே.

முதல் உதை விலாவில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அடுத்தது வாயில், இரண்டு பற்கள் பனியில் தெறித்தன. கவிழ்ந்தவரின் முதுகில் குளம்புகள் ஏறி மிதித்தன. எப்படியோ கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

தலை இருக்கவேண்டிய இடத்தில் அறுபட்ட குரல்வளை.

அது மூச்சு விட்டது.

அதிலிருந்து எச்சில் ஒழுகி, அவர் பிடரியில் இறங்கியது. சூடாக.

தவழ்ந்து வந்து குடிலுக்குள் விழுந்தவரை இங்குன் தூக்கி உட்காரவைத்தாள்.

"மான் முட்டிடுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்."

"உடம்பெல்லாம் ஈரமா இருக்கே?"

மேசைமேல் பூஜ்யம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எய்லெர்ட் அதையே பார்த்தார்.

"மூத்திரம்," என்றார்.

"பிடரியிலயுமா?"

"பிடரியிலயும்தான்."

கதவின் வெளிப்புறத்தில் ஏதோ ஒன்று மெதுவாக உடம்பைத் தேய்த்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். விபத்துப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை இங்குன் நிரப்பினாள்: அதிகாரி சிறுநீர் கழித்து, அதிலேயே வழுக்கி விழுந்தார்.