கணினியில் ஒரு ஏரி

கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் இருந்த நடுநிலைப் பள்ளிக்கு அந்த ஆண்டுதான் மூன்று கணினிகள் வந்தன. ஆறாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை மட்டும் கணினிப் பாடம். அன்றைக்குக் கணினியில் பெயிண்ட் என்ற செயலியில் படம் வரைவது பூமிகாவின் முறை. ஒரு மயில் வரைய வேண்டும் என்று வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் சஸ்மிதா என்று ஒரு புது மாணவி. ஒடிசாவிலிருந்து வந்தவள். அவள் அப்பாவுக்கு ஆலையில் வேலை. தமிழ் தெரியாததால் அவள் யாரோடும் பேசுவதில்லை. சில நாள் அழவும் செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

கணினியில் போட்ட பாடக் குறுந்தகடும் தமிழில்தான் பேசியது. சஸ்மிதா தலையைக் குனிந்துகொண்டாள். பூமிகா அதைப் பார்த்தாள். படம் வரைய மொழி எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

"டீச்சர், என் முறைய சஸ்மிதாவுக்குக் குடுக்கட்டா?"

சந்திரகலா டீச்சர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சஸ்மிதா மவுஸைத் தள்ளிக்கொண்டே போனாள். அது மேசையைத் தாண்டி வயரில் தொங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். சஸ்மிதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூமிகா அவள் கையைப் பிடித்து மெதுவாக நகர்த்திக் காட்டினாள்.

பிறகு திரையில் நீலத் தண்ணீர் வந்தது. ஒரு படகு வந்தது. நீளக் கால்களோடு இளஞ்சிவப்புப் பறவைகள் வந்தன.

ரிஜ்வான் எட்டிப் பார்த்தான். "டீச்சர், இது பழவேற்காடு ஏரி. எங்க மாமா ஊரு."

சஸ்மிதா தலையை ஆட்டி மறுத்தாள். "சிலிகா," என்றாள். வகுப்பில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சிலிகா என்பது ஒடிசாவில் இருக்கும் ஏரி, பழவேற்காடு மாதிரியே அதிலும் கடல் தண்ணீர் கலக்கும், இதே பறவைகள் அங்கேயும் வரும் என்று டீச்சர் விளக்கினார். பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

பூமிகா படகைத் தொட்டு, "படகு," என்றாள்.

"டங்கா," என்றாள் சஸ்மிதா.

"மீன்."

"மாச்ச."

வகுப்பே சேர்ந்து மாச்ச, மாச்ச என்றது. பூமிகா பறவையைக் காட்டி, "பூநாரை," என்றபோது சஸ்மிதா, "பூநாரே," என்று சொல்லிப் பார்த்தாள்.

சாயங்காலம் அவள் அப்பா அழைத்துப் போக வந்தார். சஸ்மிதா அவரைக் கணினியிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு ஏரிக்கரையில் ஓர் இடத்தைத் தொட்டு, ஆலையில் கற்ற தமிழில், "இங்க எங்க ஊடு," என்றார்.

சஸ்மிதா உடனே அங்கே ஒரு வீடு வரைந்தாள். கதவுக்கு மஞ்சள் நிறம் போட்டாள்.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை வருவா," என்றார்.

பூமிகா சஸ்மிதாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். இருவரும் போகிற வழியெல்லாம் கண்ணில் பட்டதற்கெல்லாம் இரண்டு பெயர் சொல்லிக்கொண்டே போனார்கள்.