கொடி எப்போது இறங்கும்?

பச்சைக்கொடி மேலே போனது. போனது போனபடியே நின்றது.

வண்டு ஒரு காலை முன்னால் வைத்து, மறு காலைப் பின்னால் ஊன்றி, பாயத் தயாராக இருந்தாள். கொடி இறங்கினால்தான் ஓட வேண்டும். ஆனால் கொடியைப் பிடித்திருந்தவரின் இன்னொரு கையில் மைக் இருந்தது. மைக் இருக்கும்வரை கொடி இறங்காது.

"ஓட்டம் என்றால் என்ன?" என்று மைக்கில் கேட்டார் தலைவர்.

பதிலையும் அவரே சொன்னார்.

"ஓட்டம் என்பது வெறும் ஓட்டமல்ல!"

"பின்னே என்னவாம், நீச்சலா?" என்று வண்டு பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். முன்னால் வைத்த கால் எப்போதோ மரத்துப் போயிருந்தது.

தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய பெரியப்பாதான். தெரு நலச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் அதன் தலைவர். அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பெரியம்மாகூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "தலைவரே, பாத்ரூம் லைட்டை அணைக்காம வந்துட்டீங்க!" என்பாள்.

இத்தனைக்கும் இந்த ஓட்டத்தை ஆரம்பித்தவள் வண்டு. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது.

தெருவுக்குப் பின்னால் ஒரு நாய்கள் காப்பகம் இருந்தது. கால்நடை டாக்டரம்மா நடத்துவது. அடிபட்ட நாய், வழிதவறிய நாய், வீட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன நாய் என்று எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றில் 'சாக்ஸ்' என்றொரு கிழ நாய். உடம்பெல்லாம் கறுப்பு, நான்கு பாதங்கள் மட்டும் வெள்ளை. வண்டுவின் குரல் கேட்டால் போதும், வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடும்.

காப்பகத்தின் கூரைதான் ஓட்டை. போன மழையில் டாக்டரம்மா வாளி, சட்டி, பானை என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். அப்படியும் நாய்கள் நனைந்து, பாதிக்குக் காய்ச்சல்.

"அடுத்த மழைக்குள்ள புதுக் கூரை போட முடியலேன்னா, எல்லாத்தையும் தூரத்துல இருக்கற பெரிய காப்பகத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா.

"சாக்ஸையுமா?"

"சாக்ஸையும்தான்."

அன்று மாலையே வண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "மழைக்காலம் வர்ற வரைக்கும் தினம் காலைல தெருக்கோடித் தண்ணித்தொட்டி வரைக்கும் ஓடிட்டு வரப்போறேன். நான் ஓடற ஒவ்வொரு நாளைக்கும் நீங்க கூரைக்குக் கொஞ்சம் காசு போடணும். ஒரு நாள் ஓடலேன்னா அந்த நாளுக்குப் போட வேண்டாம்."

எல்லோரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். இரண்டு நாள்கூடத் தாங்கமாட்டாள் என்று நினைத்ததுதான் காரணம். அவளோ நிறுத்தவே இல்லை. பால்கனியில் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பெரியப்பாவுக்கு விஷயம் எட்டியது.

"ஏம்மா, இவ்வளவு பெரிய காரியத்தை இப்படிச் சத்தமில்லாம செஞ்சா எப்படி?"

"ஓடறதுக்கு எதுக்கு பெரியப்பா சத்தம்?"

"உனக்குப் புரியாது. விடு, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் வண்டு வீட்டு வாசலில் ஒரு பேனர் முளைத்தது. அதில் தலைவரின் முகம் குடை அளவு. வண்டுவின் முகம் தபால்தலை அளவு. அதிலும் அவள் தும்முகிற மாதிரி இருந்தது.

அதோடு விட்டாரா? தினமும் கொடியசைப்பு விழா. தினமும் ஒரு சிறப்பு விருந்தினர். மருந்துக்கடைக்காரர் வந்து வைட்டமின்களைப் பற்றிப் பேசினார். தையல்கடைக்காரர் வந்து துணி விலையைப் பற்றிப் பேசினார். சைக்கிள் கடைக்காரருக்குப் பேச வராது. "ஓடும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். வண்டு மகிழ்ந்து போனாள். ஆனால் அவர் மிச்சம் வைத்த நேரத்தையும் தலைவரே எடுத்துக்கொண்டார்.

இதனால் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தாமதம். வாசலில் இருக்கும் வாட்ச்மேன், "இன்னிக்கு யாரு பேசினது?" என்று விசாரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. ஒருநாள் வகுப்பு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வரும்போதெல்லாம் வீட்டு கேட்டை அந்த பேனர் அடைத்துக்கொண்டு நிற்கும். தலைவரின் மோவாய்க்குக் கீழே குனிந்து நுழைந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். ஏற்கெனவே கடுப்பில் இருந்த அம்மா, டீச்சர் சொன்னதைக் கேட்டதும் கொதித்துப் போனாள்.

"இன்னொரு தரம் லேட்டுன்னு பேர் வந்துச்சு, ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அன்னிக்கே நிறுத்திடணும். சொல்லிட்டேன்!"

"அம்மா, கூரை போடப் பாதிப் பணம்தான் சேந்திருக்கு!"

"நீ ஓடறதை நான் எப்ப வேண்டாம்னேன்? உங்க பெரியப்பா வாயைத்தான் வேண்டாங்கறேன்."

வண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட நான் எப்படிம்மா சொல்றது?" என்று செய்தித்தாள் கேட்டது.

சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று அவளே பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று மறுநாள் பேச்சைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் கொடிக்குப் பதில் தோசைக்கரண்டி.

"பெரியப்பா, நாளைலேர்ந்து பேச்சு வேண்டாமே. ஸ்கூலுக்கு லேட்டாகுது."

கரண்டி மெல்லத் தாழ்ந்தது. கொடி ஒருநாளும் அவ்வளவு சீக்கிரம் தாழ்ந்ததில்லை.

"உனக்காகத்தானேம்மா பேசறேன்" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு ஓடறான்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதுதான் பெரிய தொல்லை. வெறும் பீற்றல் என்றால் சண்டை போட்டிருக்கலாம். இவருக்கோ நிஜமாகவே பெருமை. வாயை மூடு என்றால் மனம் உடைந்துவிடும். மூடாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும், சாக்ஸ் போய்விடும். எரிச்சலில் வண்டுவுக்குத் தலையே வலித்தது.

அவர் பேசவும் வேண்டும், அவள் ஓடவும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்?

"பெரியப்பா," என்றாள் மெதுவாக. "நீங்க ஒரே இடத்துல நின்னு பேசறீங்களா, அது இந்த முனையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான் கேக்குது. தண்ணித்தொட்டிப் பக்கத்துல இருக்கறவங்க பாவம் இல்லையா?"

"அட, ஆமாம்!"

"என்கூடவே ஓடி வந்துக்கிட்டே பேசினீங்கன்னா?"

பெரியப்பாவின் முகம் பேனரில் இருப்பதைவிடப் பெரிதாக மலர்ந்தது. "தெரு முழுக்கக் கேக்கும்! அடடா! இனிமே இதான் சட்டம். சிறப்பு விருந்தினரும் சரி, நானும் சரி, ஓடிக்கிட்டேதான் பேசணும்!"

செய்தி பரவியதும், அந்த வாரம் வருவதாக இருந்த சிறப்பு விருந்தினர்கள் எல்லோருக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது.

மறுநாள் காலை. சங்கத்தின் செயலாளர் ஸ்பீக்கரைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னால் வரத் தயாராக நின்றார். தலைவர் கொடியை உயர்த்தினார். உயர்த்திய வேகத்தில் இறக்கினார். வண்டுவுக்கு நம்பவே முடியவில்லை.

ஓடினார்கள்.

"அன்பார்ந்த பெருமக்களே!" என்று முழங்கினார் தலைவர். முதல் வீடு தாண்டியது. "இந்த ஓட்டம் என்பது..." இரண்டாம் வீடு தாண்டியது. "ஹா... வெறும்... ஹா... ஓட்ட... ஹா..."

அவர் மூச்சு வாங்குவதை ஸ்பீக்கர் தெரு முழுக்கத் தெளிவாக ஒலிபரப்பியது. ஏதோ ரயில் வருகிறது என்று எண்ணி ஜன்னல்கள் திறந்தன.

"தலைவரே, இன்னிக்குத்தான் நீங்க பேசறது புரியுது!" என்றார் தையல்கடைக்காரர்.

"தலைவரே, முதல்ல மூச்சு விடுங்க! பேச்சை அப்புறம் பாத்துக்கலாம்!" என்று மாடியிலிருந்து கத்தினாள் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரின் முகம் சிவந்தது. வண்டு நினைத்திருந்தால் காற்றாய்ப் பறந்திருக்கலாம். இத்தனை நாள் மரத்துப்போன காலுக்காகவாவது பறந்திருக்கலாம். ஆனால் அவள் வேகத்தைக் குறைத்தாள். மைக்கை வாங்கிச் செயலாளரின் சைக்கிள் கூடையில் போட்டாள். பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, மூக்கால மூச்சு இழுங்க. வாயை மூடிக்கோங்க."

அவரிடம் அதைச் சொல்ல அந்தத் தெருவில் இதுவரை ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவரும் சமர்த்தாக மூடிக்கொண்டார். மெதுவாக, மிக மெதுவாக, ஓட்டமும் நடையுமாக இருவரும் தொட்டிவரை போனார்கள். அங்கே அவரை ஒரு படிக்கட்டில் உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, வண்டு ஒரே பாய்ச்சலாகத் திரும்பி ஓடினாள்.

அன்று அவள் பள்ளிக்குப் போனபோது மணிகூட அடிக்கவில்லை. "என்னம்மா, இன்னிக்கு லீவா?" என்று குழம்பினார் வாட்ச்மேன்.

மறுநாள் தலைவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். காலில் புது கேன்வாஸ் ஷூ.

"மைக் எங்க தலைவரே?" என்று கேட்டார் செயலாளர்.

"சார்ஜ் இல்லை" என்றார் தலைவர், அவரைப் பார்க்காமலே.

வண்டுவோடு தைரியமாக ஓடினார். தையல்கடை வரைக்கும்தான் முடிந்தது. மறுநாள் சைக்கிள் கடை. அடுத்த வாரம் தண்ணீர்த்தொட்டி. தலைவர் ஓடுவதைப் பார்க்கவே பால்கனிகளில் கூட்டம் கூடியது. "இந்தக் காட்சிக்குத் தனியா போடறேன்" என்று மருந்துக்கடைக்காரர் கூரைக்கு இன்னொரு பங்கு போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

"சிரிக்கறாங்களே பெரியப்பா, பரவாயில்லையா?" என்று ஓடிக்கொண்டே கேட்டாள் வண்டு.

அவர் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்குள் காப்பகத்துக்குப் புதுத் தகரக் கூரை ஏறியது. தெருவே திரண்டு வந்து அதற்குக் கீழே உட்கார்ந்தது. பேனர் கட்டிய கயிற்றை அவிழ்த்து வீட்டு கேட்டை விடுவித்துவிட்டு, அம்மாவும் வந்திருந்தாள். வண்டுவின் மடியில் சாக்ஸ் தலையை வைத்துப் படுத்திருந்தது.

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நொடியில் கொட்டியது மழை. தகரத்தின் மேல் ஆயிரம் பேர் ஒன்றாகக் கை தட்டுவதுபோல அப்படியொரு சத்தம். தலைவரின் வாய் அசைந்தது, கை உயர்ந்தது, விரல் வானத்தைக் காட்டியது. ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. ஒரு சொட்டும் யார் தலையிலும் விழவில்லை. நாய்கள் சுகமாகத் தூங்கின.

அவர் வாய் நின்றதும் வண்டு எழுந்து பலமாகக் கை தட்டினாள். தலைவர் பேசியதிலேயே இதுதான் அருமையான பேச்சு என்று அம்மாகூட ஒத்துக்கொண்டாள்.