வெறுங்கை

வாசனை நல்ல வாசனைதான். அதுதான் பவுனுக்குப் பிடிக்கவில்லை. மூத்திரமும் பினாயிலும் ஊறிப்போன ஆண்கள் சர்ஜரி வார்டில், ஆவணி மழை ஜன்னல் கண்ணாடியில் அழுக்கைக் கரைத்து வழிந்துகொண்டிருந்த அந்தக் காலையில், யாரோ பழுத்த திராட்சையை மூக்கருகே வைத்து நசுக்கினாற்போல ஒரு தித்திப்பு வந்தது. மூன்றாம் கட்டில் பெரியவரின் அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிஸ்கட் பாக்கெட், பல்செட் ஊறும் டம்ளர், ஈரத்துண்டு. பழம் கிழம் ஒன்றுமில்லை. குனிந்து அவர் வயிற்றுக் கட்டின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள். அங்கிருந்துதான் வந்தது. பஞ்சின் ஓரம் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறத்தில் நனைந்திருந்தது. சட்டென்று மூக்கை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பவானியிலிருந்து டெல்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் பெயரை இங்கே ஒரு வாயும் ஒழுங்காகச் சொன்னதில்லை. பேட்ஜிலேயே பாவ்னா என்றுதான் அச்சடித்திருந்தார்கள். ஆனால் க்ளவுஸ்வாலி, க்ளவுஸ்காரி என்றால் கேன்டீன் வரைக்கும் தெரியும். டியூட்டிக்கு வந்ததும் மாட்டினால் சாப்பிடும்போதுதான் கழற்றுவாள். சளி, சீழ், அடுத்தவன் வியர்வை, எதுவும் தன் தோலில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு கட்டிலை முடித்து அடுத்ததற்குப் போகையில் க்ளவுஸ் மேலேயே ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. உள்ளே தன் கை சுத்தமாக இருக்கிறது, அது போதும்.

போதாது என்று தெரியாதவள் இல்லை. படித்தவள். ஆளுக்கு ஒரு புது ஜோடி, இடையிடையே கை கழுவு என்று பேஸினுக்கு மேலே கலர்ப் படம் ஒட்டியிருக்கிறது. அந்தப் பேஸினை எட்டுவதற்குச் சக்கரம் கழன்ற வீல்சேர்களைத் தாண்டவேண்டும். தாண்டினால் குழாயில் நூல் போலத் தண்ணீர். வார்டு முழுவதற்கும் இரண்டு நர்ஸ். ஒருவருக்குத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் "சிஸ்டர், ஜல்தி!" என்று நாலு பக்கமும் கூச்சல். சுவரில் தொங்கும் ஹேண்ட்ரப் மருந்தைக் கையில் தேய்த்தால் வெடித்த விரலிடுக்கில் மிளகாய் வைத்தாற்போல எரியும். க்ளவுஸ் பெட்டி தீர்ந்தால் ஸ்டோர்க்காரர் நாளைக்கு வா என்று கையை விரிப்பார். படம் ஒட்டினவன் ஒருநாள் இங்கே வந்து வேலை பார்க்கட்டுமே என்று எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அதே க்ளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். பவுனும் போனாள்.

கடைசிக் கட்டிலில் அவள் தம்பி தீனா கிடந்தான். முனிர்காவில் ரூம் எடுத்துக்கொண்டு ஏர்போர்ட் காவலுக்குப் போகிறவன். மழையில் பைக் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்து, பிளேட் வைத்துத் தைத்திருந்தார்கள். புண் ஆறினால் காலும் தப்பும், காக்கியும் தப்பும். நம்ம ஆஸ்பத்திரிக்கே கொண்டுவாங்க, நான் பார்த்துக்கறேன் என்று அடம்பிடித்து அவள்தான் இங்கே சேர்த்தாள்.

முதல் நாள் க்ளவுஸோடு அவன் காலைத் தொட்டபோது அவன் முகம் சுருங்கிப்போனது.

"ஏக்கா, நானென்ன குப்பையா? கைக்கு உறை போட்டுத் தொடற?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கூடப் பிறந்தவனிடம் என்ன அருவருப்பு? அன்றிலிருந்து ரவுண்டு முடித்துக் கடைசியாக அவனிடம் வரும்போது க்ளவுஸை உரித்து எறிந்துவிடுவாள். உரிக்கும்போது வெளிப்பக்கம் மணிக்கட்டிலும் விரல்நுனியிலும் உரசும். அதை யார் பார்த்தார்கள். ரப்பருக்குள் வெந்து வெளிறிச் சுருங்கிய அந்தக் கையால் அவன் நெற்றியைத் தடவுவாள். "நமைக்குதுக்கா" என்பான். கட்டின் ஓரத்தில் ஒரு விரலை நுழைத்துப் பதமாகச் சொறிந்துவிடுவாள். செய்யக் கூடாத காரியம்தான்.

"டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாத, கண்ணு" என்று சிரிப்பாள்.

மூன்றாம் கட்டில் பெரியவரை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. வாசனை மட்டும் வார்டை விட்டுப் போகவில்லை. நாலாம் கட்டிலுக்கு வந்தது. பிறகு ஐந்துக்கு. கட்டைப் பிரித்தால் பச்சைக் கோழை பஞ்சோடு நூல் நூலாக இழுபட்டது; எவ்வளவு இழுத்தாலும் அறவில்லை. பவுனு இரண்டு க்ளவுஸ் மாட்டிக்கொண்டாள். அப்படியும் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் புளிச்சோற்றிலிருந்து தித்திப்பு எழுந்தது. சோற்றைக் கொட்டினாள். தலைமுடியை மோந்து பார்த்தாள், துப்பட்டாவை மோந்து பார்த்தாள். வீட்டுக்குப் போகும் மெட்ரோவில் பக்கத்தில் நின்ற பெண் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தோழியிடம், "திராட்சை வாங்கினியா?" என்று ஹிந்தியில் கேட்டாள். பவுனு கம்பியிலிருந்து கையை எடுத்தாள். கம்பி ஈரமாக இருந்தது.

மறுநாள் மதியம் மாதுரி வந்தாள். தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். மாடிமாடியாக ஏறி எல்லோரிடமும் திட்டு வாங்குவதுதான் அவள் வேலை. வெளியே மழை கறுத்துக்கொண்டு வந்ததில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"பாவ்னா, கையைக் காட்டு."

"நான் க்ளவுஸ் இல்லாம யாரையும் தொடறதில்ல, மேடம்."

"தெரியும். எதுக்குப் போடற?"

"என்மேல எதுவும் பட்டுறக் கூடாதுன்னு."

மாதுரி கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பில்லாதவள்போல நின்றாள். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஒரே கிருமி கட்டில் கட்டிலா நடந்து வருது. அதுக்குக் கால் கிடையாது, பாவ்னா." போகத் திரும்பியவள் நின்று கேட்டாள்: "வெறுங்கையால யாரையும் தொடலையே?"

பவுனு இல்லை என்றாள். ரவுண்டின் வரிசை மனதில் ஓடியது. மூன்று, நாலு, ஐந்து, அப்புறம் மற்றவர்கள், கடைசியில் தீனா.

வீல்சேர்களைத் தள்ளிப் பேஸினுக்குப் போனாள். நூல் தண்ணீரில் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். விரலிடுக்கில் வெடிப்பு பிளந்து ரத்தம் கசிந்தது. தேய்த்தாள். முகர்ந்தாள். தித்திப்பு. நகத்துக்கு அடியில் ஊசியை விட்டுக் கிளறினாள். ஏதோ மெல்லிய வழவழப்பு ஊசி முனையில் சுருண்டு வந்தது. உதறினாள். மறுபடி கிளறினாள், மறுபடி வந்தது. இந்தக் கைதான் அவன் நெற்றியில் இருந்தது. இந்த விரல்தான் கட்டுக்குள் போனது. அழுகை வந்தது, அதைவிட வாந்தி முந்திக்கொண்டு வந்தது. பேஸினிலேயே எடுத்தாள்.

பெட்டியின் அடியில் மிச்சமிருந்த ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு கடைசிக் கட்டிலுக்கு ஓடினாள். கட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும். டாக்டரைக் கூப்பிடவேண்டும். சின்னப் புண்ணாக இருந்தால் கழுவினால் போதும். கால் தப்பிவிடும்.

அங்கே வாசனை கனமாக நின்றது.

தீனாவின் கண்கள் ஜுரத்தில் பளபளத்தன. ஒரு கையைக் கட்டின்மேல் வைத்தபடி அவள் கையைப் பார்த்தான்.

"எனக்கே உறை போட்டுட்டு வந்துட்டியாக்கா?"

"தீனா, கையை எடு சாமி. காலைப் பார்க்கணும்."

அவன் க்ளவுஸின் நடுவிரல் நுனியைப் பிடித்து இழுத்தான். ரப்பர் நீண்டது. படக்கென்று கழன்றது. அவள் பின்னால் நகர்வதற்குள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நோயாளியின் பிடி இல்லை அது. அனல்.

"நமைக்குதுக்கா. காலைலிருந்து உயிர் போகுது."

"வேண்டாம்டா. விடு. விடு கண்ணு."

விடவில்லை. அவள் விரலை அவனே கட்டின் ஓரத்தில் சொருகினான்.

துணி. பஞ்சு. ஈரம்.

தோல் இருக்கவேண்டிய இடம் வந்தது. தோல் இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ விலகி வழிவிட்டது. அவள் விரலைப் பின்னுக்கு இழுத்தாள். அவன் பிடி தளரவில்லை. தீனாவுக்கு வலிக்கவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை. அவன் முகம் தளர்ந்தது. கண்கள் சொருகின. உதட்டில் சுகமாக ஒரு சிரிப்பு.

"அங்கதான்க்கா. இன்னுங் கொஞ்சம் உள்ள."

விரல் முழுக்கப் போயிருந்தது. இன்னும் எதிலும் முட்டவில்லை.