வேரில்லாத பலா

பலாவில் கட்டிய கொப்பு மட்டும் வாடவில்லை.

அம்சம் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள். பக்கத்து மா, அதற்கடுத்த மா, கோடியில் நின்ற முந்திரி எல்லாவற்றிலும் கயிறு போட்டுக் கட்டியிருந்த கொப்புகள் சோர்ந்து, கொடியில் போட்ட ஈரத் துணிபோலத் தொங்கின. வழக்கம் அதுதான். காலையில் வாடினதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வண்டியில் வரும் பச்சைக் கொப்பைக் கட்ட வேண்டும். கட்டின இடம் தெரியாமல் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூச வேண்டும். அடியில் தண்ணீர் ஊற்றி ஈரம் காட்ட வேண்டும். பலாவில் போன வாரம் கட்டின கொப்பு, எண்ணெய் தடவினாற்போல மினுங்கிக்கொண்டிருந்தது. பூசின மண் வெடித்து, வெடிப்பில் வெள்ளையாகப் பால் கசிந்திருந்தது. அதில் ஒட்டிக்கொண்ட கட்டெறும்பு ஒன்று மெதுவாகக் காலை உதைத்தது.

அவள் குடத்தைச் சாய்த்தாள். அது மணல் கலந்த பூமி. ஊற்றின தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். இன்றைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாகத்தோடு வந்தவன் செம்பைத் தூக்கிக் குடிக்கும்போது தொண்டையில் கேட்குமே, அது. பிறகு நின்றது.

எலி வளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த மரத்துக்குப் போனாள்.

அந்தத் தோப்பு தோப்பே இல்லை. தை அறுப்பு வரைக்கும் அது வயல். பண்ணையார் குஞ்சிதபாதத்தின் வயல். உச்சவரம்புக்கு மேலே இருக்கிற நிலத்தை எடுத்து உழுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஊருக்குள் வந்தபோது, பழைய தோப்பாக இருந்தால் சட்டம் தொடாது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவருடைய காரியக்காரர் இளையபெருமாள் அதற்கு வழி கண்டுபிடித்தார். வாய்க்கால் கரையில் கூலிக்காரர்கள் குடியிருந்த மனைக்கட்டு பண்ணைக்குச் சொந்தம். அறுப்புக் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்த கையோடு குடிசைகளைப் பிரித்தெறிந்து, சனங்களை ஆற்றுப் புறம்போக்குக்கு விரட்டியாகிவிட்டது. அவர்கள் கொல்லையில் வைத்து வளர்த்த மரங்கள் மட்டும் நின்றன. அவற்றை அடியோடு அறுத்து வண்டியில் ஏற்றி வந்து, வயலில் வரிசை பிடித்துக் குழி தோண்டி நட்டார்கள். ஒன்றுக்கும் வேர் கிடையாது. கை வைத்துத் தள்ளினால் ஆடும்.

எந்த மரம் எந்த வீட்டு மரம் என்று அம்சத்துக்குத் தெரியும். பக்கத்து மா கண்ணாத்தாளுடையது. கோடி முந்திரி துரைராசு வீட்டு முந்திரி. பலா அவளுடையது.

அவள் புருஷன் ரெத்தினம் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவன். பண்ணையின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தான் என்று கேஸ் போட்டு, நாகப்பட்டினம் ஜெயிலில் வைத்திருந்தார்கள். தீ விழுந்த அன்றைக்கு அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். அதை யார் கேட்டார்கள்.

"ரெத்தினம் வெளிய வரணுமா, வேணாமா?" என்று இளையபெருமாள்தான் புறம்போக்குக்கே வந்து கேட்டார். குடையை மடக்காமல் நின்றார். "பிராதைப் பண்ணையார் வாபஸ் வாங்கிக்குவாரு. நீ தோப்புக்காவலுக்கு நில்லு. ஆபீசர் வந்தா, ஆமாங்க, பழைய தோப்புங்கன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க ஐயா."

"பொய் எங்க வந்துது? பழைய மரந்தானே? நீயே தண்ணி ஊத்தி வளர்த்த மரந்தானே?"

மறுநாள் காலையில் குடத்தோடு போனாள்.

அன்றிலிருந்து புறம்போக்கில் யாரும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. கண்ணாத்தாள் ஒருத்திதான் பேசுவாள். அதுவும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

"தோப்புக்காரி வர்றா, வழி விடுங்கடி. ஏ அம்சம், எங்க வூட்டு மாமரம் சௌக்கியமா? நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேன்க்கா."

"சொல்றாளாம்ல."

சிரிப்பார்கள். அது தன்மேல் பட்டதாகவே அம்சத்துக்குத் தெரியாது. சோறு பொங்குவாள், ஆறவைப்பாள், தின்பாள். உப்புப் போட்டோமா இல்லையா என்பது தின்று முடித்த பிறகும் தெரியாது. நாலு வருஷமாக அப்படித்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. அழவில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தாள், முதுகில் தட்டினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அழவில்லை. விடிவதற்குள் ரெத்தினம் அதை அவளுடைய பழைய சேலையில், நீலத்தில் மஞ்சள் கட்டம் போட்ட சேலையில் கிழித்த துண்டில் சுற்றிக் கொல்லைப் பலாவடியில் புதைத்தான். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பீய்ச்சி எங்கேயாவது மரத்தடியில் விடச் சொன்னார்கள். அவள் பலாவடியில் விட்டாள். கட்டு வற்றும் வரைக்கும் விட்டாள்.

அடுத்த சித்திரையில் அந்த இடத்தில் மண் வெடித்து, பலாப்பழ வாசம் வந்தது. பலா சில சமயம் வேரில் காய்க்கும். மண்ணுக்குள்ளேயே பருத்துப் பழுக்கும். நிலம் பிளந்து வாசம் வந்தால்தான் வெளியே தெரியும். வேர்ப்பலா தேனாக இருக்கும் என்று ஆள் ஆளுக்கு ஆசைப்பட்டார்கள். ரெத்தினம் அதைத் தோண்டி எடுத்து, சாக்கில் போட்டுக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தான்.

மரத்தை அறுத்தபோது அவள் அங்கேதான் நின்றாள். அடிமரம் மட்டும்தான் வண்டியில் ஏறியது. வேர் பழைய கொல்லையிலேயே கிடந்தது. குழந்தையும் அங்கேதான் கிடந்தது. அதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

ஆபீசர் வெயில் ஏறின பிறகு ஜீப்பில் வந்தார். வேதாரண்யம் ரோட்டோரமாக ஜீப்பை நிறுத்தி, கையில் இளநீரோடு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தார். இளையபெருமாள் அவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, மரத்துக்கும் அவருக்கும் நடுவிலேயே நடந்தார். ஆபீசருக்கு அவசரம். இன்னும் நாலு ஊர் பார்க்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பப்போனவர் பலாவைப் பார்த்து நின்றார்.

"இது நல்லா இருக்கே. ஏம்மா, எத்தனை வருஷத்து மரம்?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே காய்ச்சுதுங்க."

"இந்த வருஷம் ஒண்ணையும் காணுமே. காய்க்குமா?"

இளையபெருமாள் இருமினார். அவள் மரத்தைப் பார்த்தாள்.

"காய்க்குங்க. வேருல காய்க்கும்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆபீசர் சிரித்தார். "பழுத்தா எனக்கு ஒண்ணு அனுப்புங்கய்யா" என்று இளையபெருமாளிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். புழுதி அடங்கியதும் இளையபெருமாள் குடையை மடக்கினார்.

"வேருல காய்க்குமாம். வேரு எங்கடி இருக்கு அதுக்கு? இருந்தாலும் பொருத்தமாத்தான் சொன்ன. இனிமே தண்ணி கிண்ணி ஊத்தாத. உத்தரவு வரட்டும், அத்தனையும் விறகு."

அவள் ஊற்றவில்லை. சும்மா காவலுக்கு மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். மாங்கொப்புகள் காய்ந்து சருகாகி, காற்றடித்தால் சலசலத்தன. முந்திரியில் கட்டின கயிறு இற்று, கொப்பு தலைகீழாகத் தொங்கியது. உச்சி வெயிலில் நிழல்கள் அந்தந்த மரத்தின் காலடியில் சுருண்டு கிடக்கும், கடற்காற்று நின்றுபோகும், உப்பளத்துப் பக்கமிருந்து வரும் வாடையும் நிற்கும். அப்போது பலா மட்டும் பச்சையாக, வயிறு நிறைந்தவள்போல நிற்கும். கொப்பு கட்டின கயிற்றைப் பட்டை விழுங்கிவிட்டிருந்தது. இணைத்த இடம் எது என்று தடவிப் பார்த்தாள். தெரியவில்லை.

தள்ளிப் பார்த்தாள். ஆடவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஆடவே இல்லை. தோளில் பால் ஒட்டியது. வெதுவெதுவென்று இருந்தது.

சொன்னபடி ரெத்தினத்தை விட்டுவிட்டார்கள். நாகப்பட்டினம் பஸ்ஸிலிருந்து பாதி ஆளாக இறங்கி வந்தான். புறம்போக்கில் ஒருவரும் எழுந்து வந்து அவனை விசாரிக்கவில்லை. கண்ணாத்தாள்கூட வாயைத் திறக்கவில்லை. அவன் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, சட்டியைத் திறந்து பார்த்து, மூடினான்.

"என்ன சொல்லி என்னைய வெளிய எடுத்த?"

"பழைய தோப்புன்னு."

அவன் சட்டியைத் தள்ளி வைத்தான். "சங்கத்துல நான்தான் மனு எழுதிப் போட்டேன், அம்சம். அந்த வயலைக் கேட்டு. நம்ம எல்லார் பேருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் தலையை ஆட்டினாள். அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று பிறகு நினைத்தாள். அவன் மூக்கைத் தூக்கி முகர்ந்தான்.

"பலாப்பழ வாசம் எங்கேருந்து வருது?"

இரண்டு நாளாகவே வந்துகொண்டிருந்தது. அவன் மண்வெட்டியைத் தேடி எடுக்கிறதுக்குள் அவள் எழுந்து வெயிலில் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

உச்சிப்பொழுது. வயலில் ஒரு காக்கையும் இல்லை. வரப்பு பாதத்தைச் சுட்டது. வாசம் நெருங்க நெருங்க, அது பழவாசம் மட்டும் இல்லை என்று தெரிந்தது. அடியில் இன்னொன்று இருந்தது. மஞ்சள். பிள்ளை பெற்ற வீட்டில் வருகிற காய்ச்சின எண்ணெய்.

பலாவடியில் மண் பிளந்திருந்தது.

அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். விரலால் மண்ணை ஒதுக்கினாள். மேலே சூடு. கீழேயும் சூடு. அடிமரத்தின் அறுத்த முகத்திலிருந்து காம்பு ஒன்று கீழே இறங்கியிருந்தது. தடிமனாக. முறுக்கிக்கொண்டு. தொட்டாள். அதற்குள் ஏதோ துடித்துத் துடித்து ஓடியது.

காம்பைப் பிடித்துக்கொண்டே தோண்டினாள். முள் தட்டுப்படும் என்று விரலை மடக்கி வைத்திருந்தாள். முள் இல்லை. துணி.

நீலம். மஞ்சள் கட்டம்.

இற்றுப்போகவில்லை. நனைந்திருந்தது. அந்தத் துணி மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது.

பின்னால் வரப்பில் ரெத்தினம் ஓடி வருகிற சத்தம் கேட்டது. நின்றது. "மூடு" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "அம்சம். மண்ணைத் தள்ளி மூடு."

அவள் மூடவில்லை. ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வியர்வை என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். வியர்வை இல்லை.

காம்பைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. கொக்கியைக் கழற்றியது. அவள் பிளவின்மேல் கவிழ்ந்தாள். மண்ணுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது, தொண்டைச் சத்தம், இப்போது அவசரமாக. மண் சரிந்தது. ஒரு சின்ன வாய், மணலோடு, வந்து பற்றியது.

பல் இருந்தது.

வலித்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒன்று வலித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் விழுந்த மண்வெட்டியின் சத்தத்துக்குத் திரும்பாமல், இன்னும் கொஞ்சம் தாழக் கவிழ்ந்து கொடுத்தாள். தலைக்கு மேலே, ஒரு துளிக் காற்றும் இல்லாத வெயிலில், பலாவின் இலைகள் ஒவ்வொன்றாக அசைய ஆரம்பித்தன.