ஜன்னலைக் கழிக்காத அளவு

வடக்குச் சுவரில் டேப்பை வைத்து அழுத்தியபோது, உள்ளே யாரோ அதே இடத்தை விரலால் தட்டினார்கள்.

எலி என்று முடிவு கட்டினான் ஷீட்காரன். பூட்டிக் கிடக்கும் வீட்டில் வேறு என்ன இருக்கும்? கூரைக்கும் சுவருக்கும் தகர ஷீட் அடித்தே தலை நரைத்தவன் அவன். எத்தனையோ முட்டாள்களுக்கு அளவெடுத்திருக்கிறான். இன்றைக்கு வாய்த்த அண்ணனும் தங்கையும் அந்தக் கூட்டத்துக்கே தலைவர்கள். சொந்த வீட்டு வாசலுக்கு வந்தும் காரை விட்டு இறங்காமல், கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிப் பேசினார்கள்.

"ஜன்னல் அளவைக் கழிக்க வேண்டாம். அதுக்கு மேலேயே ஷீட்டை அடிச்சிடுங்க," என்றாள் தங்கை.

"கதவு?"

"கதவும்தான்," என்றான் அண்ணன்.

"அப்புறம் உள்ள எப்படிப் போவீங்க? பறந்தா?"

அவர்கள் சிரிக்கவில்லை. கொழுப்பு ஏறிய இடத்தில் மூளை தங்காது போல என்று முணுமுணுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கியிருந்தான்.

டேப்பை ஒரு முழம் நகர்த்தினான். தட்டலும் ஒரு முழம் நகர்ந்தது. ஏணி போட்டு ஓட்டுக்கூரையில் ஏறி, பாசியும் பழைய மழையும் நாறும் ஓடுகளின் மேல் முட்டி போட்டு முகட்டை அளந்தபோது, நனைந்த மரத்தின் வாடையோடு அந்தச் சத்தம் கீழிருந்து எழுந்து, அவன் முட்டி வைக்கும் இடத்திலெல்லாம், பொறுமையாக, நாடி பிடிப்பதுபோல் தட்டிக்கொண்டே வந்தது. எலிக்கு அத்தனை பொறுமை கிடையாது. எவனோ குடிகாரன். இறங்கியதும் ஜன்னல் பலகையை ஓங்கிக் குத்தினான்.

"எவன்டா உள்ள? தட்டத் தெரியுது, மூஞ்சியக் காட்டத் துப்பில்லையா? வெளிய வாடா!"

தட்டல் நின்றது.

காது கொடுத்துக் கேட்டான். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. நீளமாக. விடவேயில்லை.

காருக்கு வந்தான். நடையில் கொஞ்சம் வேகம் இருந்தது.

"எவனோ உள்ள பூந்திருக்கான் சார். வெளிய வாடான்னு நல்லாக் குடுத்துட்டு வந்தேன்."

தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. "கூப்பிட்டீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நாங்க யாரும் அதை ஒரு தடவைகூட வெளிய கூப்பிட்டதில்லையே..." என்று அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, வண்டிய எடு. எடுண்ணா!"

கண்ணாடி ஏறியது. அவன் கைப்பிடியைத் தொடுவதற்குள் கார் பின்வாங்கித் திரும்பி, புழுதியைக் கிளப்பிப் போயேவிட்டது.

"பைத்தியக்காரக் குடும்பம்," என்று காறித் துப்பினான்.

ஏணியை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. இதுகளுக்குப் பயந்து தொழில் சாமானை இழப்பதா? வடக்குப் பக்கம் திரும்பினான்.

கூரையில் ஓடு ஒன்று நகர்ந்தது. உள்ளிருந்து.

அடுத்த ஓடு.

மேலே ஆள் யாரும் இல்லை. வெறும் மேகமூட்டம்.

ஏணியின் உச்சிப்படி வளைந்தது. பிறகு அதற்குக் கீழ்ப்படி. ஒவ்வொன்றாக. நிதானமாக. நல்ல கனம்.

ஓடச் சொன்னான் கால்களிடம். அவை கேட்கவில்லை.

ஏணியடியில் ஈர மண். அதில் ஒரு வெறும் பாதம் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. குதிகால்கள் அவன் பக்கம்.

பிறகு அந்தத் தடங்கள், நின்ற இடத்திலேயே, மண்ணை அரைத்துக்கொண்டு மெல்லத் திரும்பின. பத்து விரல்களும் அவனை நோக்கி.